சம்பூரில் கேட்கப்பட்ட கேள்வி: நைதரசன் நம் குருதியின் இரும்பை என்ன செய்கிறது?

மூதூருக்குக் கிழக்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ள சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் 2016 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. 2006 போரில் இடம்பெயர்ந்து, ஒன்பது ஆண்டுகளின் பின் ஊர் திரும்பத் தொடங்கியிருந்த மக்கள் எழுப்பிய கேள்விகளில் புகையும் சாம்பலும் முக்கியமானவை. திட்டம் போய்விட்டது. ஆனால் புகை உடலுக்குள் என்ன செய்யும் என்ற கேள்விக்கான இரசாயன விடை நம் சமையலறைக்கும் கிணற்றடிக்கும் மருந்துப் பெட்டிக்கும்கூடப் பொருந்துகிறது.

நான்கு நைதரசன்களின் நடுவே ஓர் இரும்பு

குருதியின் சிவப்புக்குக் காரணம் ஈமோகுளோபின். அதன் மையப் பகுதியான 'ஈம்' தட்டையான ஒரு வளையம். போர்பைரின் எனப்படும் இந்த வளையத்தின் நான்கு நைதரசன் அணுக்கள் நடுவிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு நைதரசனும் தன்னிடமுள்ள இலத்திரன் சோடி ஒன்றை இரும்புக்குக் கொடுத்துப் பிணைகிறது. இவ்வாறு இலத்திரன் சோடியைக் கொடுத்து உலோகத்துடன் பிணைவதை இரசாயனவியலில் 'இணையி' என்பர்.

இரும்புக்கு மொத்தம் ஆறு இடங்கள். நான்கை வளையம் எடுத்துக்கொள்கிறது. ஐந்தாவதில், வளையத்தின் ஒரு பக்கத்திலிருந்து, புரதத்தின் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் நைதரசன் பிணைகிறது. ஆறாவது இடம் ஒட்சிசனுக்கானது.

ஒட்சிசன் இல்லாதபோது இரும்பு வளையத்தின் தளத்திலிருந்து ஹிஸ்டிடின் பக்கமாகச் சற்று விலகி நிற்கும். ஒரு மில்லிமீற்றரின் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு அளவே அந்த விலகல். ஒட்சிசன் வந்து பிணைந்ததும் இரும்பு தளத்துக்குள் நகர்கிறது. தன்னுடன் ஹிஸ்டிடினையும் இழுக்கிறது. அந்தச் சிறு இழுவை புரதம் முழுவதையும் அசைத்து, ஏனைய மூன்று ஈம்களும் ஒட்சிசனை எளிதாக ஏற்க வழிசெய்கிறது. ஈமோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மக்ஸ் பெரூட்ஸ், இந்தப் பொறிமுறையை 1970இல் விளக்கினார்.

ஆறாவது இடத்துக்கான போட்டி

இந்த இடத்துக்குப் பிறவும் போட்டியிடுகின்றன. விறகு புகைந்து எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணையும். நைத்திரிக்கொட்சைட்டு அதையும் விடப் பன்மடங்கு இறுக்கமானது. அது தன் நைதரசன் முனையால் இரும்பைப் பற்றுகிறது.

இதே வாயுவை நம் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் மிகச் சிறிய அளவில் தயாரிக்கிறது. அருகிலுள்ள தசைக் கலங்களில் ஈம் கொண்ட ஒரு நொதியம் இருக்கிறது. நைத்திரிக்கொட்சைட்டு அதன் இரும்பில் பிணைந்ததும், மறுபக்கத்தில் ஹிஸ்டிடினுடன் இருந்த பிணைப்பு அறுந்துபோகிறது. ஒரு நைதரசன் வந்து இன்னொரு நைதரசனை வெளியேற்றுகிறது. அதுவே சமிக்ஞை, நொதியம் செயற்படத் தொடங்க, தசை தளர்ந்து குழாய் விரிகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் கிளிசரைல் மூநைத்திரேற்று மாத்திரை உடலில் இந்த வாயுவை உண்டாக்கியே நிவாரணம் தருகிறது. உடலில் இந்த வாயு சமிக்ஞையாகச் செயற்படுவதைக் கண்டறிந்தமைக்காக 1998இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் நிலக்கரிப் புகை? புகைபோக்கியிலிருந்து பெரும்பாலும் நைத்திரிக்கொட்சைட்டே வெளியேறும். காற்றில் அது நைதரசனீரொட்சைட்டாக மாறிவிடும். திறந்த வெளியில் இதனால் முதலில் பாதிக்கப்படுவது சுவாசக் குழாய்களும் நுரையீரலுமே. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம்.

கிணற்றிலிருந்து வருவது

நைதரசன் குருதியின் இரும்பை நேரடியாகத் தாக்கும் வழி புகையைவிட நீரில்தான் அதிகம். உரமிட்ட தோட்டங்களிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலக்கிறது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் இது பல தசாப்தங்களாக அறியப்பட்ட பிரச்சினை. குழந்தையின் உடலில் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது ஈமின் இரும்பை ஒட்சியேற்றிவிடும். அந்த இரும்பால் ஒட்சிசனை ஏற்க முடியாது; ஆறாவது இடத்தில் தண்ணீர் மூலக்கூறு வந்து அமர்ந்துகொள்ளும். குருதி சொக்கலேற் நிறமாகும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கெட்டுப்போன இரும்பை மீட்கும் நொதியம் பச்சிளம் குழந்தைகளிடம் குறைவாக இருப்பதால் அவர்களுக்கே ஆபத்து அதிகம். கிணற்று நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹண்டர் கொம்லி வெளியிட்டார்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

மருந்தாகும் பிணைப்பு

படர்தாமரைக்குப் பூசும் குளோட்ரிமசோல் களிம்பு இதே இரசாயனத்தைப் பூஞ்சைக்கு எதிராகத் திருப்புகிறது. பூஞ்சையின் கலமென்சவ்வுக்குத் தேவையான பொருளைத் தயாரிக்கும் நொதியத்திலும் ஈம் உண்டு. மருந்தின் நைதரசன் அதன் இரும்பில் ஆறாவது இடத்தைப் பிடித்துக்கொள்ள, தயாரிப்பு நின்றுவிடுகிறது. நம் கல்லீரலிலும் இதே குடும்ப நொதியங்கள் இருக்கின்றன. எனவே இவ்வகை மருந்தை மாத்திரையாக உட்கொள்பவர்கள், குறிப்பாகக் குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், தாம் பாவிக்கும் மற்ற மருந்துகளை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சம்பூர் மக்கள் புகைபோக்கி எழும் முன்பே கேள்வி கேட்டார்கள். தோட்டத்தை ஒட்டிய கிணற்று நீரில் பால்மா கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் முன்பும் அப்படியொரு கேள்வி தேவை. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. நீரைப் பரிசோதித்தால்தான் தெரியும்.