மண்ணுக்குள் ஒரு மணிக்கயிறு: உயிரோடு புதைக்கப்படும் அச்சமும் அதற்கு மனிதர் தேடிய காவல்களும்

மரண அறிவித்தல்களைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனித்திருப்பார்கள். ஊரில் இறந்தவருக்குப் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ தகனம் நடந்துவிடும். மொன்றியலில் இறந்தவருக்கு நான்கைந்து நாட்கள் கழித்துத்தான் பார்வைக்கு வைக்கும் நேரமும் கிரியை நேரமும் குறிக்கப்படும். லண்டனிலிருந்து மகள் வரவேண்டும், மலர்ச்சாலையில் மண்டபம் கிடைக்க வேண்டும், பத்திரங்கள் முடியவேண்டும். இந்த இடைவெளியில் செத்தவீட்டில் யாராவது ஒரு முதியவர் மெதுவாகக் கேட்பார்: "வடிவாப் பாத்துத்தானே சொன்னவங்கள்?"

இளையவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு விடை தேடி இருநூறு ஆண்டுகளாக வைத்தியர்களும் சட்டம் எழுதியவர்களும் கண்டுபிடிப்பாளர்களும் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்த கருவிகள் என்ன, அவை உதவினவா, இன்று நமக்கு உண்மையில் காவலாக நிற்பது எது என்பதை இங்கே பார்ப்போம்.

அச்சம் எங்கிருந்து வந்தது

இறந்தவர் உண்மையில் இறக்கவில்லையோ என்ற ஐயம் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. ஆதிச்சநல்லூரிலும் தமிழகத்தின் வேறு பல இடங்களிலும் கிடைத்த முதுமக்கள் தாழிகளைப் பற்றி நம்மவரிடையே ஒரு கதை உண்டு. முதுமையில் உடல் சுருங்கி, உயிர் மட்டும் போகாமல் இருந்தவர்களை உணவோடும் விளக்கோடும் தாழிக்குள் உயிருடன் வைத்து விடுவார்களாம். தொல்லியலாளர்கள் இதை ஏற்பதில்லை. அவை இறந்தவர்களுக்கான தாழிகளே. உடலை வேறிடத்தில் வைத்துப் பின்னர் எலும்புகளை மட்டும் எடுத்துத் தாழியில் இட்டதும் உண்டு. ஆனாலும் கதை மட்டும் இன்றுவரை சாகவில்லை.

ஐரோப்பாவில் இந்த அச்சம் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் உச்சத்துக்குப் போனது. அதற்குக் காரணம் இருந்தது. மரணத்தை உறுதியாக அறியும் வழி அக்கால வைத்தியர்களிடம் இருக்கவில்லை. நாடி பார்ப்பார்கள், மூக்கருகே கண்ணாடி பிடிப்பார்கள், அவ்வளவுதான். வாந்திபேதியான கொலராவில் உடல் நீர் வற்றி, தோல் நீலம் பாரித்து, கை கால் சில்லிட்டு, நாடி கைக்குத் தட்டுப்படாமல் போய்விடும். உயிரோடு இருப்பவரே பிணம்போலக் கிடப்பார். தொற்றுக்குப் பயந்து உடல்களை அவசரமாகப் புதைக்க வேண்டியும் இருந்தது. 1832 கோடையில் கப்பல்களில் வந்த குடியேறிகளோடு இந்த நோய் கியூபெக் நகருக்கும் மொன்றியலுக்கும் வந்து, மொன்றியலில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட நாட்களில் அந்த முதியவரின் கேள்வி மிக நியாயமான கேள்வி.

புகழ்பெற்றவர்களும் இந்த அச்சத்துக்கு விலக்கல்ல. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1799இல் மரணப்படுக்கையில் கிடந்தபோது, தன் உடலைக் கல்லறையில் வைக்க முன் சில நாட்கள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார். 1844இல் எட்கர் அலன் போ இதே பொருளில் ஒரு சிறுகதை எழுதினார். 1896இல் லண்டனில் அவசரப் புதைப்பைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது.

மணி, குழாய், கண்ணாடி

பாதுகாப்புப் பிரேதப்பெட்டி என்று சொல்லத்தக்க முதல் பெட்டி, 1792இல் காலமான ஜேர்மனியப் பிரபு பிரவுன்ஸ்விக்கின் பேர்டினண்டுக்காகச் செய்யப்பட்டது. வெளிச்சத்துக்கு ஒரு சாளரம், காற்றுக்கு ஒரு குழாய், ஆணி அடிக்காமல் பூட்டுப் போட்ட மூடி. பெட்டியின் திறப்பும் கல்லறையின் திறப்பும் அவர் உடையின் பையிலேயே வைக்கப்பட்டன.

1829இல் ஜேர்மனிய வைத்தியர் யோகான் தாபெர்கர் மணியைப் பயன்படுத்தும் முறையொன்றை வகுத்தார். உடலின் கை, கால், தலையில் கட்டிய கயிறுகள் குழாய் வழியே மேலே சென்று ஒரு மணியில் முடியும். மயானக் காவலாளிக்கு மணி கேட்டால் இரண்டாவது குழாய் இறக்கிக் காற்றை உள்ளே ஊத வேண்டும்.

1868இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிரான்ஸ் வெஸ்டர் என்பவர் இன்னொரு பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். முகத்துக்கு நேர் மேலே நிலமட்டம் வரை ஒரு சதுரக் குழாய், அதற்குள் ஓர் ஏணி, பக்கத்தில் மணிக்கயிறு. கண் விழித்தவருக்கு வலு இருந்தால் ஏறி வரலாம், இல்லையென்றால் மணியை அடிக்கலாம். உண்மையாகவே இறந்துவிட்டார் என்று தெரிந்தபின் குழாயைக் கழற்றி அடுத்தவருக்குப் பயன்படுத்தலாம் என்பதும் அவர் திட்டம்.

1897இல் ரஷ்யப் பேரரசரின் அரண்மனை அதிகாரியான கார்னிஸ்-கார்னிக்கி பிரபு காட்டிய கருவிதான் எல்லாவற்றிலும் பெயர்பெற்றது. உடலின் மார்பில் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும். மார்பு சற்றே அசைந்தாலும் விசை விடுபட்டு, நிலத்துக்கு மேலுள்ள இரும்புப் பெட்டி திறந்து காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். கொடி ஏறும், மணி அடிக்கும்.

எல்லைக்கு அப்பால் ஒரு கண்ணாடிக் கல்லறை

இவற்றின் சாயலை நேரில் பார்க்க விரும்புபவர்கள் ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. மொன்றியலிலிருந்து எல்லையைக் கடந்து தெற்கே சில மணி நேரம் காரோட்டினால் வேர்மொன்ற் மாநிலத்தின் நியூ ஹேவன் என்ற சிற்றூர் வரும். அங்குள்ள எவர்கிரீன் மயானத்தில் புல் மூடிய ஒரு மேடும் அதன் உச்சியில் சீமெந்தில் பதித்த சுமார் 14 அங்குலச் சதுரக் கண்ணாடியும் இருக்கின்றன. 1893 ஒக்டோபர் கடைசி நாளில் காலமான வைத்தியர் திமோதி கிளார்க் சிமித் அதற்குக் கீழே கிடக்கிறார்.

இவர் படிப்பறிவில்லாத பயந்தாங்கொள்ளி அல்ல. வைத்தியம் படித்தவர், ரஷ்யப் படையில் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்தவர், அமெரிக்கத் தூதரக அதிகாரியாகவும் பணிபுரிந்தவர். ஆயினும் உயிரோடு புதைக்கப்படுவோம் என்று அஞ்சி, முகத்துக்கு நேரே கண்ணாடி வைத்துக் கல்லறை கட்டும்படி சொல்லிவைத்தார். கையில் ஒரு மணியும் கொடுத்துப் புதைத்ததாக ஊரில் சொல்கிறார்கள். அந்த மணி அடித்ததாக யாரும் சொன்னதில்லை. இன்று குனிந்து பார்த்தால் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது.

கருவிகள் ஏன் கைகொடுக்கவில்லை

இத்தகைய பெட்டிகளால் உயிர் தப்பியதாக நிறுவப்பட்ட சம்பவம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பொய்யாக மணி அடிப்பதற்கு வாய்ப்பு நிறைய இருந்தது. இறந்த உடலும் அசையும். அழுகும்போது வயிற்றில் வாயு சேர்ந்து உடல் வீங்கும், கைகள் விலகும், மார்பு உயரும். கார்னிக்கியின் உருண்டைக்கு அந்த அசைவே போதும்.

ஜேர்மனியில் 1790களிலிருந்து கட்டப்பட்ட காத்திருப்புப் பிணமண்டபங்களிலும் இதே சிக்கல்தான். வைத்தியர் ஹூபெலாண்டின் தூண்டுதலால் வைமாரில் தொடங்கிய அந்த மண்டபங்களில், அழுகல் தெரியும்வரை உடல்களை வைத்துக் காத்திருந்தார்கள். மியூனிக் மண்டபத்தில் விரல்களில் கம்பி மாட்டி மணியோடு இணைத்திருந்ததை மார்க் ட்வெயின் 1883இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார்.

தோண்டியெடுத்த பெட்டிகளில் உடல் புரண்டு கிடந்ததாகவும் நகம் வளர்ந்திருந்ததாகவும் வந்த கதைகளில் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே விளக்கம். இறந்தபின் நகம் வளர்வதில்லை. தோல் வற்றிப் பின்வாங்குவதால் நகம் நீண்டதுபோலத் தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கருவிகள் தவறு நடந்து முடிந்தபின் உதவ வருபவை. புதைக்கும் முன்பே தவறைப் பிடிப்பதற்கு வேறு வழி வேண்டியிருந்தது.

கியூபெக் தெரிந்தெடுத்த வழி: காலம்

1804இன் பிரெஞ்சுக் குடியியல் சட்டம், இறந்து 24 மணி நேரம் கழியாமல் புதைக்கக் கூடாது என்று விதித்தது. 1866இல் நடைமுறைக்கு வந்த கீழ் கனடாக் குடியியல் சட்டம், அதாவது இன்றைய கியூபெக்கின் பழைய சட்டம், அதே 24 மணி நேர விதியை இங்கும் வைத்தது. மணியும் குழாயும் இல்லாத இந்த ஒரு வரி, காப்புரிமை பெற்ற பெட்டிகளை எல்லாம் விடப் பயனுள்ளது. மயக்கத்தில் கிடப்பவர் அந்த நேரத்துக்குள் அசைவார். இறந்தவரின் உடல் விறைக்கும், நிறம் மாறும்.

மொன்றியலின் குளிரும் ஒருவகையில் காவலாக இருந்தது. நிலம் உறைந்திருக்கும் மாதங்களில் குழி தோண்ட முடியாது. அந்நாளில் உடல்களைக் கல்மண்டபத்தில் அடுக்கி வைத்து, இளவேனிலில்தான் புதைத்தார்கள்.

எரிப்பது நம்மவருக்குப் பழகிய வழி. கனடாவின் முதல் தகனசாலை இதே மொன்றியலில், மவுண்ட் ரோயல் மயானத்தில், புகையிலை வணிகர் வில்லியம் மக்டொனால்டின் பணத்தில் 1901இல் கட்டப்பட்டது. 1902 ஏப்ரலில் செனற்றர் அலெக்சாந்தர் ஓகில்வியின் உடல் அங்கே முதலில் தகனமானது. கத்தோலிக்கத் திருச்சபை தகனத்துக்கான தடையை 1963இல்தான் தளர்த்தியது. மண்ணுக்குள் கண்விழிக்கும் பயம் இல்லை என்பதும் அக்காலத் தகன ஆதரவாளர்கள் சொன்ன வாதங்களில் ஒன்று. அதன் மறுபக்கத்தையும் நாம் நினைக்க வேண்டும். எரித்தபின் திருத்த எதுவும் மிஞ்சாது. ஆகவே கொள்ளி வைக்கும் சமூகத்துக்கு, மரணத்தை முன்கூட்டியே உறுதிசெய்யும் பத்திரம்தான் முழுக் காவலும்.

இன்றைய கியூபெக் குடியியல் சட்டம் 1994இல் நடைமுறைக்கு வந்தது. மரணத்தை வைத்தியர் உறுதிசெய்து எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. அண்மைக் காலத்தில் தாதியருக்கும் இந்த அதிகாரம் விரிக்கப்பட்டிருக்கிறது. நியாயமான நேரத்துக்குள் வைத்தியர் கிடைக்காமல், மரணம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தால் மட்டுமே இரண்டு பொலிஸ் அதிகாரிகள் எழுதலாம். ஒருவர் போதாது. குடும்பத்தவர் யாரும் எழுத முடியாது.

24 மணி நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு

1816இல் பிரெஞ்சு வைத்தியர் லெனெக் இதயத்துடிப்புமானியைக் கண்டுபிடித்தார். 1840களில் இன்னொரு பிரெஞ்சு வைத்தியரான பூஷூ, அதை வைத்து இதயம் நின்றதை உறுதிசெய்யலாம் என்று காட்டினார். பிறகு இதயமின் வரைபடமும் மூளைமின் வரைபடமும் வந்தன. இன்று வைத்தியசாலையில் கேள்வியே வேறு: நின்ற இதயம் தானாக மீண்டும் துடிக்காது என்று எத்தனை நிமிடத்தில் சொல்லலாம்?

உறுப்புத் தானத்தில் இது உயிர்க் கேள்வி. மொன்றியல் சிறுவர் வைத்தியசாலையின் தீவிர சிகிச்சை நிபுணர் சாம் ஷெமி முன்னின்று, 2006இல் வெளியான கனடியப் பரிந்துரைகள், இரத்தோட்டம் நின்றபின் ஐந்து நிமிடம் தொடாமல் கவனிக்கச் சொன்னன. 2021இல் ஒட்டாவா ஆய்வாளர் தலைமையில், கனடா, செக் குடியரசு, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் 20 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 631 நோயாளரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. கருவிப் பதிவுகள் முழுமையாகக் கிடைத்த 480 பேரில் 67 பேருக்கு, நின்ற இதயச் செயற்பாடு சிறிது நேரம் மீண்டும் தென்பட்டது. மிக நீண்ட இடைவெளி 4 நிமிடம் 20 விநாடி. அவர்களில் எவரும் நினைவு திரும்பவில்லை, பிழைக்கவுமில்லை. ஐந்து நிமிடம் போதும் என்பது அளந்து அறிந்த உண்மையாயிற்று.

ஆபத்து எங்கே மிஞ்சியிருக்கிறது

இன்று தவறு நடக்கக்கூடிய இடம் வீடுதான். 2020 ஒக்டோபரில் தமிழ்நாட்டின் சேலத்தில், 74 வயது முதியவர் இறந்துவிட்டார் என்று நினைத்து வீட்டார் வாடகைக் குளிர்பெட்டியை வரவழைத்து அதில் வைத்தார்கள். மறுநாள் பெட்டியைத் திருப்பி எடுக்க வந்த தொழிலாளி, உள்ளே அவர் உயிரோடு இருப்பதைக் கண்டார். மீட்டு அரசு வைத்தியசாலையில் சேர்த்தார்கள். சில நாட்களில் அவர் காலமானார். அந்தத் தொழிலாளியின் கண்தான் அங்கே மணியாக இருந்தது, அதுவும் ஓர் இரவு பிந்தி.

குளிர் நாட்டில் இன்னொரு பாடமும் உண்டு. 2001 பெப்ரவரியில் எட்மன்டனில், இரவில் வெளியே தவழ்ந்துபோன ஒரு குழந்தை பனியில் கிடந்து மீட்கப்பட்டபோது இதயம் நின்றிருந்தது, உடல் வெப்பம் 16 பாகை செல்சியஸ். சூடேற்றியபின் அந்தக் குழந்தை பிழைத்தது. அதனால்தான், உடலைச் சூடாக்கிப் பார்க்காமல் குளிரில் கிடந்தவரை இறந்தவர் என்று சொல்லக் கூடாது என்று அவசர வைத்தியர்கள் கற்பிக்கிறார்கள். நித்திரை மாத்திரை அதிகமானாலும், நீரிழிவு நோயாளருக்குச் சர்க்கரை மிகக் குறைந்தாலும் ஆள் பிணம்போலக் கிடக்கலாம்.

ஆகவே மொன்றியலில் வீட்டில் ஒருவர் அசைவற்றுக் கிடந்தால், கை சில்லிட்டிருக்கிறது என்று நாமே முடிவெடுக்கக் கூடாது. முதலில் 911 அழைக்க வேண்டும். உறவினருக்கான அழைப்புகள் பிறகுதான். வீட்டிலேயே இறுதிக்காலப் பராமரிப்பில் இருப்பவர் என்றால், யாரை அழைப்பது என்று பராமரிப்புத் தாதியிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த இலக்கத்தைக் குளிரூட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். பிரெஞ்சு தெரியாத அம்மா, அப்பா தனியே இருக்கும் வீடுகளில் இது இன்னும் அவசியம்.

செத்தவீட்டில் அந்த முதியவர் மறுபடி கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லலாம்: "ஓம் ஐயா, வைத்தியர் வந்து பாத்துத்தான் எழுதினவர்." அந்தப் பதிலைப் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தால் போதும். மணிக்கயிறு தேவையில்லை.