52,42,88,00,000 (எண்)

ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சம். சோழர் நிலக்கணக்கால் பெயர் பெற்ற எண். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ஷ், முதலாம் இராசராசன் காலத்தில் வேலி என்ற நில அளவின் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டதைச் சுட்டிக்காட்டினார்.

இதன் பிறப்பிடம் தமிழ்ப் பின்ன வாய்பாடு. வேலியில் இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதற்கும் கீழே போக வேண்டுமானால் ‘கீழ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, அந்த முந்திரியையே ஒரு முழு வேலியாக வைத்து மறுபடி முதலிலிருந்து வகுக்கத் தொடங்கினார்கள். கீழ்முந்திரி 320 × 320, அதாவது 1,02,400இல் ஒன்று. 1,02,400ஐ அதனாலேயே பெருக்கி மேலும் ஐந்தால் பெருக்கினால் நம் எண் வந்துவிடும். அந்த ஐந்தில் ஒன்றுக்கும் வாய்பாட்டில் பெயர் உண்டு: நாலு மா.

எண்ணின் பகாக் காரணிகள் இரண்டே: 2 இருபத்துநான்கு முறை, 5 ஐந்து முறை. வகுத்திகள் மொத்தம் 150. ஐந்தின் அடுக்கு ஒற்றைப்படை என்பதால் இது முழு வர்க்கம் அன்று. எனவே ஒரு சதுர வயலை இத்தனை சமச் சதுரங்களாக வரப்பு கட்டிப் பிரிக்க முடியாது. கடைசி ஐந்து சுழியங்களை நீக்கினால் மிஞ்சும் 5,24,288, இரண்டின் பத்தொன்பதாம் அடுக்கு. சதுரங்கக் கட்டத்தில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல் வைத்து இரட்டித்துக்கொண்டே போனால் இருபதாம் கட்டத்தில் விழுவது இதுதான். இந்த எண்ணின் தலைகீழி தசமத்தில் 24 இடங்களில் முடிந்துவிடுகிறது:

0.000000000019073486328125

இந்த எண்ணின் காரணிகளில் மூன்று இல்லை. அண்ணன் தம்பி மூவருக்கு ஒரு வேலியைச் சரிசமமாகப் பிரிக்கச் சொன்னால், இவ்வளவு நுணுகிய வாய்பாட்டிலும் கடைசியில் ஒரு துணுக்கு மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், கும்பகோணத்துக்கு வடகிழக்கே திருப்பனந்தாள் பக்கம் இன்றும் வயலை மாக்கணக்கில்தான் சொல்வார்கள். அங்கே ஏக்கருக்கு மூன்று மா.

அந்தக் கணக்குப்படி இருபது மா கொண்ட வேலி சுமார் 6.67 ஏக்கர், ஏறத்தாழ 27,000 சதுர மீட்டர். அதில் நம் பங்கு அரை சதுர மில்லிமீட்டர் அளவே. ஒரு நெல்மணி படுக்க இப்படி இருபது முப்பது துண்டு வேண்டும். சோழர் காலக் கோல் வேறாக இருந்திருந்தாலும் அளவின் தன்மை மாறாது. இதை யாரும் கோல் பிடித்து அளந்திருக்க முடியாது. ஊரின் மொத்தப் பரப்பிலிருந்து நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, மிச்சத்துக்கே வரி போட்டார்கள். பின்னத்திலிருந்து பின்னத்தைக் கழிக்கும்போது வாலாக நீண்டதைக் கணக்கர்கள் வெட்டிவிடாமல் அப்படியே எழுதினார்கள். கல்தச்சரும் அதைக் கல்லில் வெட்டினார்கள்.