இருந்துட்டுப் போகட்டுமே

‘சின்ன வசதிதானே, இருந்துட்டுப் போகட்டுமே’ என்ற பேச்சில் உழைப்பு குறித்த ஓர் அரசியல் ஒளிந்திருப்பதாக நான் கருதுகிறேன். ஓப்பன்எஸ்எஸ்எல் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். கடவுச்சொல், வங்கி விவரம் முதலியவற்றை இணையத்தில் பிறர் படிக்க முடியாதபடி மறைத்தனுப்பும் திறந்த மூல மென்பொருள் அது. 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பில் ‘ஹார்ட்பீட்’ சேர்ந்தது. எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்றறிய ஒரு சிறு செய்தியை அனுப்பி, அதையே திரும்பப் பெறும் ஏற்பாடு. யூடிபி வழித் தொடர்புக்கு இதனால் பயனுண்டு. டிசிபியிலோ இத்தகைய சோதனைக்கு ஏற்கனவே வழி இருந்தது. ஆனாலும், கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் அது தானாகவே இயங்கும்படி வைக்கப்பட்டது.

செய்தி, சொன்ன நீளம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை விடுபட்டது. விளைவு, ஒவ்வொரு கேள்விக்கும் 64 கேபி வரை சர்வரின் நினைவகம் கசிந்தது. ‘ஹார்ட்ப்ளீட்’ என்று 2014 ஏப்ரல் 7இல் அம்பலமாகும்வரை ஈராண்டு இதே கதைதான்.

மூலநிரல் திறந்துதான் கிடந்தது. யாராவது பார்ப்பாங்க என்று எல்லோரும் இருந்தார்கள். முழுநேர ஊழியர் ஒருவர். ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர். பெருநிறுவனங்கள் ஓசியில் எடுத்துக்கொண்டன.

2018இல் வெளியான 1.1.1 பதிப்பில் ஹார்ட்பீட்டே நீக்கப்பட்டது. ஆகவே, ஒரு வசதி யாருக்குப் பயன் என்று கேட்பது பாதிக் கேள்விதான். நாளைக்கு அதை யார் உட்கார்ந்து படிப்பது, அவருக்குச் சோறு யார் போடுவது என்பது மீதிப் பாதி. இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை ‘வேண்டாம்’ என்பதே நேர்மையான முடிவு.