புனைவியல் கடற்கரைக் காட்சி: எண்ணெய் வண்ண முறையும் பயிற்சியும்

புனைவியல் கடற்கரைக் காட்சி என்பது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் தழைத்த ஓவிய வகை. கடலும் வானும் இதில் முதன்மை பெறுகின்றன. மனிதர் இருந்தாலும் சிறு உருவங்களாகவே நிற்கின்றனர். ஜெர்மனியின் காஸ்பர் டாவிட் ஃபிரீட்ரிக் (1774–1840), இங்கிலாந்தின் டர்னர் (1775–1851), கருங்கடலோர ஃபியோதோசியாவில் பிறந்த ஆர்மீனியரான இவான் ஐவசோவ்ஸ்கி (1817–1900) ஆகியோர் இதில் தலையாயவர்கள்.

இவ்வகை ஓவியங்களிற் பெரும்பாலானவை கடலருகே அல்ல, அறைக்குள்ளே தீட்டப்பட்டவை. கற்பவர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது இதைத்தான். ஃபிரீட்ரிக் பால்டிக் கரையிலும் ரூகன் தீவிலும் பென்சிலால் பாறை, மரம், படகு ஆகியவற்றை நுணுகி வரைந்து, டிரெஸ்டனில் இருந்த அறைக்குத் திரும்பிய பிறகே வண்ணம் எடுத்தார். அந்த அறை ஏறக்குறைய வெறுமையாக இருந்ததை, நண்பர் கெர்ஸ்டிங் 1811இல் வரைந்த ஓவியம் காட்டுகிறது. ‘கடலோரத் துறவி’ (1808–1810) படத்தில் முதலில் கப்பல்கள் இருந்ததையும், பின்னர் ஃபிரீட்ரிக் அவற்றை விட்டுவிட்டதையும் அகச்சிவப்பு ஆய்வு வெளிப்படுத்தியது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை நீக்குவது என்று கற்க இதைக் காட்டிலும் நல்ல பாடம் கிடையாது.

ஐவசோவ்ஸ்கி இன்னும் ஒரு படி மேலே போனார். மின்னலும் காற்றும் அலையும் ஓவியருக்காகக் காத்து நிற்பதில்லை. ஆகவே அவற்றை நினைவிலிருந்தே தீட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. ‘ஒன்பதாம் அலை’ (1850) ஏறத்தாழ 221 × 332 செ.மீ. அளவுடையது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பச்சை அலைகளில் தெரியும் ஒளி, வெள்ளை வண்ணத்தால் மட்டும் வந்ததன்று. அலையின் உச்சியை ஒட்டிய பகுதியில் நீர் மெலிதாக இருப்பதால், பின்னாலிருந்து வரும் வெயில் அதனூடே கசிகிறது. வெளிறிய அடிநிறம் காய்ந்த பிறகு, அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய பச்சையைப் பூசினால் கித்தானில் இவ்விளைவைப் பெறலாம்.

இதற்குப் பொறுமை தேவை. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சில் எண்ணெயைக் குறைத்து டர்பன்டைனால் இளக்குவர். மேலே செல்லச் செல்ல எண்ணெயைக் கூட்டுவர். இம்முறை மாறினால், விரைவில் இறுகும் மேற்பூச்சு, அடியில் இன்னும் அசையும் பூச்சின்மேல் வெடிக்கும்.

வேலையை வானிலிருந்து தொடங்குவது நல்லது. கடலின் நிறத்தை வானமே பெருமளவு முடிவு செய்கிறது. தொடுவானம் மட்டமாக இருக்கவேண்டும். இழையளவு சாய்ந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். ஆயினும் அதைக் கூரிய கோடாக இழுக்காமல் ஈரமாக இருக்கும்போதே சற்று மென்மையாக்கினால்தான் தொலைவு பிறக்கும். நுரையில் தொடக்கநிலையினர் அவசரப்பட்டுத் தூய வெள்ளையை அப்புகின்றனர். நுரைக்கும் நிழற்பக்கம் உண்டு. அது சாம்பலும் நீலமும் கலந்தது. வெள்ளையைக் கடைசியில், ஒளி நேரே விழும் சில இடங்களுக்கு மட்டும் தடிப்பாக வைத்தால் போதும்.

வெளியில் எண்ணெய் வண்ணத்தில் பயில்வதும் அக்காலத்து வழக்கமே. பிரெஞ்சு ஓவியர் வலான்சியென் 1800இல் வெளியிட்ட நூலில், வெளிச்சம் மாறிவிடுவதால் இத்தகைய குறிப்போவியத்தை இரண்டு மணி நேரத்துக்குள்ளும், உதய, அந்திக் காட்சிகளை அரை மணிக்குள்ளும் முடிக்கச் சொன்னார். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள், மனைவி மரியாவின் உடல்நலத்துக்காக 1824 முதல் பிரைட்டன் சென்று தங்கியபோது, கடல்மேல் இறங்கும் மழையைக்கூடத் தாளில் எண்ணெய் வண்ணத்தால் விரைந்து பிடித்தார். அப்போது வண்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்கப்பட்டது; மடக்கி மூடும் உலோகக் குழாய் 1841இல்தான் காப்புரிமை பெற்றது.

முடிந்த படத்துக்கு உடனே வார்னிஷ் பூசலாகாது. மரபான வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பர்; தடித்த நுரைப் பகுதிகளுக்கு இன்னும் அதிகக் காலம் வேண்டும்.