ஒரு மலைக்கிராமமும் ஒரு பிபி கருவியும்

 

பிபி பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்க. பல்வலின்னு போனாலும், காலில் முள் குத்துச்சுன்னு போனாலும், முதலில் கையில் பட்டையைக் கட்டி பிபி பார்ப்பாங்க. "எனக்கு பல்லுதானே வலிக்குது, இது எதுக்கு?"ன்னு உங்களில் பல பேர் கேட்டிருப்பீங்க. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அதில் முக்கியமான ஒரு அத்தியாயம் நடந்தது லண்டனிலோ நியூயார்க்கிலோ இல்லை. வேல்ஸ் நாட்டு மலைக்குள்ள, சாலை போய் முடியிற இடத்தில் இருக்கிற கிளின்கொரூக் என்ற சின்ன நிலக்கரிக் கிராமத்தில்.

பெயரைப் பார்த்துப் பயப்படாதீங்க. வேல்ஸ் மொழியில் கிளின் என்றால் பள்ளத்தாக்கு. கொரூக் என்பது அங்கே ஓடும் சிற்றாறு. அது கீழே போய் ஆவன் ஆற்றில் சேரும். ஆவன் கடலைத் தொடும் இடத்தில் போர்ட் டால்பட் என்ற இரும்பாலை ஊர். மேலே மலை, கீழே கடல், நடுவில் குறுகலான பள்ளத்தாக்கு. வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டின சுரங்கத் தொழிலாளர் வீடுகள். சுற்றிலும் ஆடு மேயும் மலைச்சரிவு, அதில் பாதியை அப்புறம் வனத்துறை ஊசியிலைக் காடாக மாற்றிவிட்டது. மழையைப் பற்றி வேல்ஸ்காரர்களிடம் கேட்காதீங்க, நிறுத்த மாட்டாங்க.

1860களில் நிலக்கரியைக் கீழே கொண்டுபோக ஒரு ரயில் பாதை போட்டாங்க. பாதையின் பொறியாளர் யார் தெரியுமா? பிரிட்டனின் புகழ்பெற்ற புரூனெல். ஆனா அந்தப் பாதை கரிக்காகத்தான், மனுஷங்களுக்காக இல்லை. பயணிகள் ரயில் 1930லேயே நின்னுடுச்சு. ஊருக்குள்ளே இருந்து வெளியே போனது கரி. ஊருக்குள்ளே தங்கியது தூசி.

அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் நிமோகோனியோசிஸ். தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் அது வீட்டுக்கு வீடு இருந்த வியாதி. 1950களில் ஆர்ச்சி காக்ரேன் என்ற டாக்டர் (ஆமாம், இன்னைக்கு காக்ரேன் ரிவ்யூன்னு சொல்றோமே, அதே காக்ரேன்) பக்கத்து ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கில் ஊர் ஊராக மக்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார். பத்துப் பேரில் ஒன்பது பேரையாவது பிடிக்கணும், இல்லைன்னா கணக்கு பொய்யாகிடும் என்பது அவர் பிடிவாதம். ஏன்னா வராத அந்த ஒருத்தர்தான் பெரும்பாலும் அதிக நோயாளி.

அந்த காக்ரேனிடம் வேலை பார்த்துவிட்டு, 1961இல் கிளின்கொரூக் கிராமத்துக்கு ஜிபியாக வந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். கேம்பிரிட்ஜில் படிச்சவர். கம்யூனிஸ்ட். எம்பி தேர்தலில் நின்று தோற்றவர், ஒரு முறை இல்லை, பல முறை. நினைச்சிருந்தா லண்டனில் பெரிய ஆராய்ச்சியாளராக உட்கார்ந்திருக்கலாம். ஆனா ஏறக்குறைய 2000 பேர் இருந்த இந்த ஊரில் வந்து குடியேறினார். மனைவி மேரியும் ஆராய்ச்சியில் கூட்டாளி.

இங்க ஒரு விஷயம் புரியணும். 1948இல் என்எச்எஸ் வந்ததும் பிரிட்டனில் ஒவ்வொரு ஆளும் ஒரு ஜிபியிடம் பெயர் பதிவு செய்திருப்பாங்க. அதாவது அந்த டாக்டருக்குத் தன்னிடம் வர்ற நோயாளி மட்டும் இல்லை, வராத ஆளோட பெயரும் தெரியும். அந்தப் பட்டியலை பெரும்பாலான டாக்டர்கள் சம்பளக் கணக்குக்கு மட்டும்தான் வச்சிருந்தாங்க. டியூடர் ஹார்ட் அதை வேற மாதிரி பார்த்தார்: கதவைத் தட்டாத ஆளுக்கும் நான்தானே டாக்டர்?

அதே நேரம் அமெரிக்காவில் 1967இல் ஒரு ஆய்வு வெளியாச்சு. கீழ் எண் (டயஸ்டாலிக்) 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவங்க தப்பிச்சாங்க, மத்தவங்களுக்கு பக்கவாதம், இதய செயலிழப்புன்னு வரிசையாக வந்தது. மருந்து வேலை செய்யும்னு தெரிஞ்சாச்சு. ஆனா உயர் ரத்த அழுத்தம் வலிக்காதே! வலிக்காத நோய்க்கு யார் வந்து கதவைத் தட்டுவாங்க?

1968இல் இவர் ஆரம்பிச்சார். 20 வயது முதல் 64 வயது வரை ஊரில் இருக்கிற எல்லோருக்கும் பிபி. முகாம் போடலை, மைக் வச்சு அறிவிக்கலை. இருமலுக்கு வந்தாலும் மெடிக்கல் சர்டிஃபிகேட்டுக்கு வந்தாலும் கையை நீட்டுங்க என்றார். ஒரு வருஷத்தில் பெரும்பாலானவங்க ஏதோ ஒரு காரணத்துக்கு டாக்டர் கிட்ட வந்துடுவாங்க. மீதிப் பேரைப் பட்டியலில் பார்த்து ஆள் தேடிப் பிடிச்சார். 1970இல் லான்செட் இதழில் அந்த அனுபவத்தை எழுதினார். தன் நோயாளிகள் எல்லோருக்கும் பிபி பார்த்த முதல் டாக்டர் இவர்தான்னு பல இடங்களில் குறிப்பிடறாங்க.

அதே 1970இல் கிளின்கொரூக் சுரங்கத்தை மூடிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஊருக்கு ஊர் ஆகிற காரணமே அந்தச் சுரங்கம். அது போன பிறகு ரயில் பாதையும் போச்சு. வேலை தேடி இளைஞர்கள் கீழே இறங்கினாங்க. மேலே மிஞ்சினது வயசானவங்க, தூசி படிஞ்ச நுரையீரல், சிகரெட், கவலை. அடுத்த வருஷம், 1971 பிப்ரவரியில், லான்செட்டில் இவருடைய இன்னொரு கட்டுரை வந்தது. இன்வர்ஸ் கேர் லா. தமிழில் தலைகீழ் கவனிப்பு விதின்னு வச்சுக்கலாம். சாரம் இதுதான்: எந்த ஊருக்கு நல்ல மருத்துவம் அதிகமாகத் தேவையோ, அந்த ஊருக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கும். மருத்துவத்தைச் சந்தையிடம் எவ்வளவு விடுறோமோ, அவ்வளவுக்கு இந்தத் தலைகீழ் நிலை மோசமாகும். இதை எழுதினவர் தத்துவம் பேசலை. ஜன்னலுக்கு வெளியே தெரிஞ்சதை எழுதினார்.

இந்த விதிக்கு நம்ம பக்கத்து சாட்சியும் உண்டு. பிரிட்டிஷ் டாக்டர்கள் போகத் தயங்கின அந்த வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் 60களிலும் 70களிலும் ஜிபியாகப் போய் உட்கார்ந்தவங்களில் நிறைய பேர் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து போன டாக்டர்கள். மழையும் குளிரும் புரியாத உச்சரிப்புமாக முப்பது வருஷம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றவங்க இருக்காங்க. அவங்க கதையை யாராவது தமிழில் விரிவாக எழுதணும்.

எம்பிபிஎஸ் படிச்சவங்களுக்கு ஒரு கொசுறு: பிஎஸ்எம் பாடத்தில் ரூல் ஆஃப் ஹாவ்ஸ் மனப்பாடம் பண்ணினோமே? பிபி இருக்கிறவங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரிஞ்சவங்களில் பாதிப் பேர் மருந்து எடுக்கிறதில்லை, எடுக்கிறவங்களில் பாதிப் பேருக்கு கட்டுக்குள் இல்லை. அதன் மூலம் அமெரிக்கக் கணக்குகள். அதை ஜிபிக்களின் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னவர்களில் முக்கியமானவர் இதே டியூடர் ஹார்ட்.

உப்பு ஆராய்ச்சியும் நடந்தது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிச்சுக் கொண்டு வாங்கன்னு டாக்டர் கேட்டா நீங்க கொண்டு போவீங்களா? அந்த ஊர்க்காரங்க கொண்டு போனாங்க. பிபி லேசாக உயர்ந்தவங்களுக்கு உப்பை மிதமாகக் குறைச்சதில் பெரிசாகப் பலன் தெரியலைன்னு 1983இல் முடிவு வந்தது. எதிர்பார்த்தது கிடைக்கலைன்னாலும் அப்படியே வெளியிட்டாங்க. (உடனே ஊறுகாய் பாட்டிலைத் திறக்காதீங்க. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் உப்பைக் குறைக்கத்தான் சொல்லுது.)

என்னை ரொம்ப உலுக்கினது வேறொன்று. 1987இல் பிஎம்ஜேவில் ஒரு கட்டுரை. தன்னிடம் பதிவு செய்தவர்களில் அடுத்தடுத்து நடந்த 500 மரணங்களை எடுத்துக்கிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இதைத் தவிர்த்திருக்க முடியுமா? முடியும்னா யாரால்? நோயாளியின் சிகரெட்டா, ஆஸ்பத்திரியா, இல்லை நானா? 'நானா' என்ற அந்தக் கட்டத்தையும் காலியாக விடலை, எண் போட்டு நிரப்பினார். மரணத்தைக் கணக்கெடுக்கிறது சுலபம். அதில் தன் பங்கை எண்ணி அச்சில் போட எத்தனை டாக்டர்கள் தயார்?

25 வருஷக் கணக்கு 1991இல் வெளிவந்தது. கண்டுபிடிச்ச உயர் ரத்த அழுத்தக்காரர்களின் சராசரி பிபி சிகிச்சைக்கு முன் 186/110. கடைசியில் 146/84. அவங்களில் புகைபிடிக்கிறவங்க 56 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைஞ்சாங்க. 65 வயசுக்குள் சாகிறது, இதே மாதிரி வறுமை இருந்த பக்கத்து கிராமத்தை விட 28 சதவீதம் குறைவு. சின்ன ஊர், சின்ன எண்ணிக்கை, குலுக்கல் முறையில் பிரிச்சுச் செய்த ஆய்வும் இல்லை. அதனால 28ஐக் கல்வெட்டில் செதுக்க வேண்டாம். ஆனா திசை தெளிவு. இத்தனைக்கும் அந்த 25 வருஷத்தில்தான் அந்த ஊர் வேலையை இழந்தது, 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அந்தப் பள்ளத்தாக்குகளே தோற்றன. ஊர் ஏழையாகிக்கிட்டே இருந்தது, பிபி இறங்கிக்கிட்டே இருந்தது.

டியூடர் ஹார்ட் 2018இல், 91 வயதில் காலமானார்.

இப்போ கிளின்கொரூக் பெயரை இணையத்தில் தேடினா முதலில் வர்றது சைக்கிள். மலைச் சைக்கிள் ஓட்டுறவங்க எங்கெங்கிருந்தோ அந்தக் காட்டுப் பாதைகளுக்கு வர்றாங்க. சுற்றியுள்ள மலை உச்சிகளில் பென் இ கமோய்த் காற்றாலைகள், மொத்தம் 76, சுத்திக்கிட்டு இருக்கு. கரி எடுத்த ஊருக்கு மேலே இப்போ காற்றில் கரண்ட் எடுக்கிறாங்க.

அடுத்த தடவை பல்வலிக்குப் போகும்போது நர்ஸ் பிபி பட்டையை எடுத்தா, சட்டைக் கையை மடிச்சு விடுங்க. போன தடவை எவ்வளவு இருந்ததுன்னு கேட்டு எழுதியும் வச்சுக்குங்க.