தனி வீடா, அடுக்குமாடிக் குடியிருப்பா? கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பம், பல ஆண்டுச் சேமிப்பையும் வரவிருக்கும் ஆண்டுகளின் வருமானத்தில் ஒரு பகுதியையும் ஒரே பத்திரத்தில் ஒப்படைக்கிறது. தனி வீடா, அடுக்குமாடிக் குடியிருப்பா என்ற கேள்வி பெரும்பாலும் விலை, வசதி, பாதுகாப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஆனால், இவ்விரண்டுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு நிலத்தின் மீதான உரிமையில்தான் உள்ளது.

நிலத்தில் பங்கு எவ்வளவு?

தனி வீடு வாங்குபவருக்கு மனை முழுவதும் சொந்தமாகிறது. அடுக்குமாடியில் வாங்குபவருக்குத் தமது குடியிருப்பின் மீது தனி உரிமையும், நிலத்திலும் பொதுப் பகுதிகளிலும் ‘பிரிக்கப்படாத பங்கும்’ உண்டு. இந்த ஏற்பாடு மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். மும்பையில் பெரும்பாலும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பெயரிலேயே நிலம் இருக்கும். நொய்டாவில் குடியிருப்பு நிலங்கள் பொதுவாக 90 ஆண்டு குத்தகை அடிப்படையில் வழங்கப்படுகின்றன.

கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகிறது. நீண்ட காலத்தில் விலை உயர்வுக்கு அடித்தளமாக இருப்பது நிலமே. எடுத்துக்காட்டாக, 12,000 சதுர அடி மனையில் ஒரே அளவிலான 20 குடியிருப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி நிலப் பங்கு கிடைக்கும். அதே மனையில் 60 குடியிருப்புகள் எழுந்தால் பங்கு 200 சதுர அடியாகக் குறையும். விற்பனை விளம்பரங்களில் அதிகம் இடம்பெறாத இந்த எண்ணைப் பத்திரத்தில் பார்ப்பது அவசியம்.

இந்தப் பங்கு வெறும் காகித உரிமையன்று என்பதை நொய்டா இரட்டைக் கோபுர வழக்கு உணர்த்தியது. குடியிருப்போர் சங்கம் தொடுத்த அவ்வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014-இல் பிறப்பித்த இடிப்பு உத்தரவை உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31 அன்று உறுதி செய்தது. கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி விடப்படவில்லை என்பதுடன், ஏற்கெனவே வீடு வாங்கியவர்களின் ஒப்புதலின்றி அவர்களது பிரிக்கப்படாத பங்கு குறைக்கப்பட்டது என்பதும் தீர்ப்பின் முக்கியக் காரணங்களாகும். சுமார் 100 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகளுடனோ அமையும் திட்டங்கள், ரேரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதம் அத்திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைபாடுகளை, 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது கட்டுமான நிறுவனத்தின் கடமை.

சொந்த மனையில் ஒப்பந்ததாரரைக் கொண்டு வீடு கட்டுவோருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பொருள்களின் தரம், கால அளவு, குறைகளுக்கான பொறுப்பு ஆகிய அனைத்தையும் எழுத்துபூர்வ ஒப்பந்தத்தில் அவர்களே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விலைக்கு அப்பாற்பட்ட செலவுகள்

கட்டுமான நிலையில் உள்ள குடியிருப்புக்கு 5 சதவீதமும், 45 லட்சம் ரூபாய்க்கு மிகாத, வரையறுக்கப்பட்ட பரப்பளவுக்குட்பட்ட குறைந்த விலைக் குடியிருப்புக்கு 1 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. பணிநிறைவுச் சான்றிதழ் பெற்ற பின் விற்கப்படும் வீட்டுக்கும், மனை விற்பனைக்கும் ஜிஎஸ்டி இல்லை. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வீட்டின் மதிப்பில் 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனாயின் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரையாயின் 80 சதவீதமும், அதற்கு மேலாயின் 75 சதவீதமுமே வங்கிகள் அதிகபட்சமாக வழங்கலாம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 48 லட்சம் கடன் கிடைத்தாலும், மீதி 12 லட்சத்துடன் பத்திரச் செலவையும் குடும்பமே திரட்ட வேண்டியிருக்கும்.

அடுக்குமாடியில் மாதப் பராமரிப்புக் கட்டணம் முடிவின்றித் தொடரும். சதுர அடிக்கு 4 ரூபாய் எனக் கொண்டால், 1,200 சதுர அடிக் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 57,600 ரூபாய் ஆகும். தனி வீட்டில் இக்கட்டணம் இல்லை. ஆயினும் கூரைக் கசிவு, ஆழ்துளைக் கிணறு, மின் மோட்டார், காவல் ஆகியவற்றின் செலவு மொத்தமும் ஒரே குடும்பத்தின் மீது விழும்.

சுதந்திரமும் கூட்டு முடிவும்

தனி வீட்டின் உரிமையாளர் உள்ளூர்க் கட்டட விதிகளுக்குட்பட்டு மாடி எழுப்பலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் தமது கூரையில் சூரிய மின்தகடுகள் அமைத்து 78,000 ரூபாய் வரை மத்திய அரசின் மானியம் பெறலாம். அடுக்குமாடியில் கூரை பொதுச்சொத்து என்பதால் சங்கத்தின் முடிவு தேவை.

கட்டடம் முதுமையடையும்போது இவ்வேறுபாடு மேலும் கூர்மையாகிறது. மறுகட்டுமானத்துக்கு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்களில் 51 சதவீத உறுப்பினர்களின் ஒப்புதலும், தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்தின்படி மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதலும் தேவைப்படுகின்றன. தனி வீட்டில் அந்த முடிவு ஒரு குடும்பத்துடையது. மறுபுறம், முதியோர் தனித்து வாழும் இல்லங்களுக்கும், அடிக்கடி பணியிட மாற்றம் பெறுவோருக்கும் அண்டை வீட்டாரின் அருகாமையும் பகிர்ந்த காவலும் பெருந்துணையாகும்.

சரிபார்க்க வேண்டியவை

தனி வீட்டுக்கு: மூலப் பத்திரங்களின் தொடர்ச்சி, 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட வரைபட அனுமதி, விவசாய நிலமாக இருந்திருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்ற ஆணை.

அடுக்குமாடிக்கு: ரேரா பதிவு எண், பிரிக்கப்படாத பங்கின் அளவு, சுவர்களுக்குள் உண்மையில் பயன்படும் கார்பெட் பரப்பளவு, குடியேற்றச் சான்றிதழ், சங்கத்தின் கணக்குகளும் இருப்பு நிதியும்.

நிலத்தின் முழு உரிமைக்காகப் பராமரிப்புச் சுமையைத் தனியே ஏற்க இயலுமா, அல்லது சுமையைப் பகிர்ந்துகொள்வதற்காகக் கூட்டு முடிவுக்குக் கட்டுப்பட மனம் இசையுமா என்பதே இறுதியில் ஒவ்வொரு குடும்பமும் விடை காண வேண்டிய வினா.