செங்கல்பட்டு சுபேதார்

போன வாரம் மல்லாட்டை பிடுங்கி முடிச்சோம். ஆள் கூலி, எலித் தொல்லை எல்லாத்தையும் எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா களத்துல செடி ஆய்ஞ்சிட்டு இருக்கும்போது நடந்த ஒரு பேச்சு மனசுலயே நிக்குது. அதை எழுதிட்டு மல்லாட்டைக்கு அடுத்த தடவை வர்றேன்.

என் தங்கச்சி பையன் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல ஓடறான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல கார்ல போறவங்க பார்த்திருப்பீங்க, இருட்டுல டார்ச் கூட இல்லாம பசங்க கூட்டமா ஓடுவாங்க. மிலிட்டரி செலக்ஷனுக்கு. 1600 மீட்டர் ஓடி முடிக்கணும். இப்ப அக்னிபத்னு வந்து நாலு வருஷம்தான் வேலை, அதுல நாலுல ஒருத்தரைத்தான் வைச்சுக்குவாங்க, அப்படியும் ஓடறானுங்க. அன்னைக்கு அவன் கால் வீங்கி வந்து களத்துல உட்கார்ந்தான். "நமக்கெல்லாம் எங்க மாமா கிடைக்கும், சண்டைக்குன்னு பொறந்தவங்க வடக்கத்திக்காரங்கதான்"னு ஒரு வார்த்தை சொன்னான். எங்க மிலிட்டரி பெரியப்பா அங்கதான் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்துட்டார்.

பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்தவர். சிப்பாயா சேர்ந்து, படிப்படியா ஏறி, சுபேதார் மேஜரா வெளியே வந்தவர். நகரத்துல இருக்கறவங்களுக்கு மேஜர், கர்னல்னாதான் தெரியும். சுபேதார் மேஜர்னா ஒரு பட்டாலியனுக்கு ஒருத்தர்தான். எழுநூறு எண்ணூறு பேர் இருக்கற இடத்துல, சிப்பாய்க்கும் ஆபீசருக்கும் நடுவுல நிக்கற பெரியாள். லீவு, சாப்பாடு, சண்டை, சமாதானம், எவன் வீட்ல என்ன பிரச்சினை, எல்லாம் அவர் காதுக்கு வந்துதான் மேல போகும். வெள்ளைக்கார ராணுவத்துல சார்ஜென்ட் மேஜர்னு சொல்ற ஆள் செய்யற வேலையும் அதுக்கு மேலயும். ஊர்ல சொல்லணும்னா, பண்ணைக்கு மேஸ்திரி எப்படியோ அப்படி. பண்ணையார் மாறிக்கிட்டே இருப்பார், மேஸ்திரிக்குத்தான் எந்தக் கழனியில எங்க தண்ணி தேங்கும்னு தெரியும்.

"டேய், உன்னை மாதிரியே சொன்ன வெள்ளைக்காரன் ஒருத்தன் இருந்தான். அவன் பேச்சைக் கேட்டு நம்ம ரெஜிமென்ட்டையே கலைச்சாங்க. அதுக்கப்புறம் செங்கல்பட்டு ஜில்லாக்காரன் ஒருத்தன் என்ன பண்ணான் தெரியுமா?"ன்னு பெரியப்பா ஆரம்பிச்சார். அன்னைக்கு ராத்திரிலேர்ந்து நானும் தேடித் தேடிப் படிச்சேன்.

கதை 1780-ல ஆரம்பிக்குது. ஹைதர் அலி கணவாய் இறங்கி நம்ம சீமைக்கு வந்த வருஷம். எங்க பக்கம் பாட்டிமாருங்க பிள்ளைங்களைப் பயமுறுத்த ரொம்ப நாள் வரைக்கும் அந்தப் பேரைத்தான் சொல்வாங்க. அந்த வருஷம் செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல பொள்ளிலூர்ல, கர்னல் பெய்லியோட படையை ஹைதரும் திப்புவும் துடைச்சு எடுத்துட்டாங்க. கும்பெனிக்கு அந்தக் காலத்துல இந்தியாவுல விழுந்த பெரிய அடி அது. திண்டிவனத்துலேர்ந்து வடக்கே போனா வர்ற வந்தவாசிக் கோட்டையை ஃபிளின்ட்னு ஒரு லெப்டினன்ட் விடாம பிடிச்சு வைச்சிருந்தார். பொள்ளிலூர் அடி விழுந்து இருபதே நாள்ல, செப்டம்பர் 30-ம் தேதி, மதராஸ்ல பயனியர்னு ரெண்டு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ரோடு போடறது, பாலம் கட்டறது, அகழி வெட்டறது, கோட்டைச் சுவரைத் தகர்க்கறது அவங்க வேலை. மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்த பட்டாளம். நம்ம ஆளுங்களுக்கு அதைச் சொல்லித் தரணுமா என்ன! அதுதான் பின்னாடி மெட்ராஸ் சாப்பர்ஸ்னு ஆச்சு. 1830-கள்லேர்ந்து பெங்களூர்ல இருக்காங்க, அல்சூர் ஏரிக்கரையில. அவங்களுக்கு ராணுவத்துல செல்லப் பேர் 'தம்பி'. முள்வேலியைத் தகர்க்க குழாய்க்குள்ள மருந்து திணிச்சுத் தள்ளற பெங்களூர் டார்பிடோன்னு ஒரு சாமான், அது 1912-ல அந்த லைன்லேர்ந்துதான் வந்தது.

சாப்பர்ஸ் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் காலாட்படை. மதராஸ் சிப்பாய்ங்க வந்தவாசியில சண்டை போட்டாங்க, அசாயில போட்டாங்க, கடல் தாண்டி ஜாவாவுல, பர்மாவுல போட்டாங்க. 1806-ல வேலூர்க் கோட்டையில வெள்ளைக்காரனையே திருப்பி அடிச்சாங்க. 1857-க்கு அரை நூற்றாண்டுக்கு முந்தி. இத்தனையும் இருக்கும்போது, 1881-லேர்ந்து 1885 வரைக்கும் மதராஸ் படைக்குத் தலைவரா இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுக்காரன் ரொம்ப நாள் சண்டையில்லாம இருந்து மெத்துனு ஆயிட்டான், வடக்கே மலைக்காரனும் பஞ்சாப்காரனும்தான் போர் வம்சம்னு முடிவு கட்டினார். அடுத்து இந்தியா முழுசுக்கும் அவரே தலைமைத் தளபதி. மதராஸ் பட்டாலியன் ஒவ்வொண்ணா மூடினாங்க, இல்லைன்னா பேரை வைச்சுக்கிட்டு உள்ளே பஞ்சாப் ஆட்களைப் போட்டாங்க. முதல் உலகப் போருக்கு அப்புறம் மிச்சம் இருந்ததையும் சிக்கனம்னு சொல்லிக் கலைச்சாங்க.

இதுல எனக்கு ஒண்ணு புரியல. ஏர் ஓட்டறவன் மெத்துனு ஆயிட்டான்னா, அந்த ராபர்ட்ஸ் ஒரு தடவையாவது சித்திரை வெயில்ல எங்க கொல்லையில நின்னு பார்த்திருப்பாரா? சரி, விடுங்க.

ஆக 1930-கள்ல நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் பட்டாளத்துக்குப் போகணும்னா துப்பாக்கிப் படைக்கதவு மூடியிருந்தது. சாப்பர்ஸை மட்டும் அவங்களால மூட முடியல, வேலை தெரிஞ்ச ஆள் வேணுமே. செங்கல்பட்டு மாவட்டம் கீழ்ஒட்டிவாக்கத்துச் சுப்பிரமணியன் சேர்ந்தது அங்கதான். பொள்ளிலூர் இருக்கற அதே காஞ்சிபுரம் சீமை. சிப்பாய்ங்க நடுவுலேர்ந்து ஏறி சுபேதார் ஆனார். சிப்பாய்க்கும் வெள்ளைக்கார ஆபீசருக்கும் நடுவுல நிக்கற அதே இடம், பெரியப்பா நின்ன வரிசை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. நாலாவது இந்திய டிவிஷன் எரித்ரியாவுல கெரென் மலையில, அப்புறம் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல, துனிசியாவுலன்னு அடிபட்டு அடிச்சு, 1944 தொடக்கத்துல இத்தாலியில காசினோவுக்கு வந்து சேர்ந்தது. நேபிள்ஸ்லேர்ந்து ரோமுக்குப் போற பாதை அது. மலை உச்சியில பழைய மடாலயம் ஒண்ணு. பிப்ரவரி 15-ம் தேதி அமெரிக்க விமானங்க அதைக் குண்டு போட்டு நொறுக்கின படம் நீங்க எங்கயாவது பார்த்திருப்பீங்க. அந்த மலையடிவாரத்துல நம்ம ஆளுங்க இருந்தாங்க. மழை, சேறு, மேல பனி. லாரி போகாத இடத்துக்குக் கோவேறு கழுதையில சாமான் போச்சு.

காசினோவுக்குக் கொஞ்சம் தெற்கே அதே ரோட்டுல மின்யானோன்னு ஒரு ஊர், ரெண்டு பக்கமும் மலை நெருக்கற இடம். ஜெர்மன்காரன் ஒவ்வொரு மலையா பின்வாங்கினப்ப, விட்டுட்டுப் போன மண்ணுல எல்லாம் கண்ணிவெடி புதைச்சுட்டுப் போனான். ரோட்டோரம், திராட்சைத் தோட்டம், ஒலிவ மரத்தடி, ஒத்தையடிப் பாதைன்னு ஒண்ணு விடல. படிக்கும்போது எனக்கு வயிறு பிசைஞ்சது இந்த இடத்துலதான். அதுவும் எவனோ ஒரு விவசாயியோட நிலம். அவன் திரும்பி வந்து ஏர் பூட்டணும். விதை போட்ட மாதிரி வெடி போட்டுட்டுப் போயிருக்கான்.

அதுல ஒரு ரகம் எஸ்-மைன்னு பேர். மண்ணுக்கு மேல மூணு முள்ளு மட்டும் லேசா தெரியும். மிதிச்சா உடனே வெடிக்காது. நாலு செகண்ட் போல ஆகும். அப்புறம் எகிறி இடுப்பு உயரத்துக்கு வந்து வெடிக்கும். உள்ளே முந்நூறுக்கு மேல இரும்புக் குண்டு, சுத்தி நிக்கற அத்தனை பேரையும் சல்லடையாக்கிடும். மிதிச்சவனை மட்டும் கொல்றதுக்கு இல்லை, கூட வர்றவனையும் சேர்த்துக் கொல்றதுக்குச் செஞ்சது.

1944 பிப்ரவரியில மின்யானோவுல சுபேதார் சுப்பிரமணியனோட சின்னக் குழு ஒண்ணு வெடி நிறைஞ்ச தரையில வழி எடுத்துக்கிட்டுப் போச்சு. முன்னாடி ஒருத்தர் வெடி கண்டுபிடிக்கற கருவியைத் தரை மேல ஆட்டிக்கிட்டே போக, பின்னாடி சுபேதார், அதுக்குப் பின்னாடி மத்தவங்க. கருவி எல்லாத்தையும் காட்டிக் கொடுக்காது. முன்னாடி போனவர் கால் ஒரு வெடி மேல பட்டுடுச்சு.

சுபேதாருக்கு இது என்ன வெடி, எத்தனை நேரம் இருக்குன்னு தெரியும். அவர் தொழிலே அது. தரையோட ஒட்டிப் படுத்திருந்தா தப்பிக்கக் கொஞ்சம் வழி உண்டு. அவர் முன்னாடி பாய்ஞ்சு அந்த வெடி மேலயே கவுந்து விழுந்தார். வெடிச்ச மொத்தத்தையும் தன் உடம்புல வாங்கிக்கிட்டுச் செத்தார். கூட இருந்தவங்க பிழைச்சாங்க.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. காரணம் சொல்றேன். மூணு வருஷத்துக்கு முந்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனைக் கரண்ட் விட்டாங்க. நானும் இதே தங்கச்சி பையனும் மோட்டார் போடப் போனோம். அப்ப அவன் பத்தாவது. அவன் முன்னாடி, கையில டார்ச். நான் நாலு அடி பின்னாடி. வரப்புல கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. அது 'புஸ்'ஸுன்னு சீறுற சத்தம் கேட்டதும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? பின்னாடி குதிச்சேன். சேத்துல விழுந்து எழுந்து பார்த்தப்பதான் பையன் ஞாபகமே வந்தது. அவன் தானா விலகி நின்னுட்டான், ஒண்ணும் ஆகல. இதை இது வரைக்கும் வீட்ல யார்கிட்டயும் சொல்லல. அவனும் சொல்லல. "மாமா வழுக்கி விழுந்துட்டார்"னுதான் சொன்னான். யோசிச்சுப் பண்றதுக்கு அங்க நேரம் கிடையாது. கால் எந்தப் பக்கம் போகுதோ அதான். என் கால் பின்பக்கம் போச்சு, அந்த மனுஷன் கால் முன்பக்கம் போயிருக்கு.

அதே வருஷம் அவருக்கு, இறந்த பிறகு, ஜார்ஜ் கிராஸ் கொடுத்தாங்க. ஜெர்மன் விமானம் லண்டன்ல குண்டு போட்டுக்கிட்டு இருந்த 1940-ல ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தின விருது அது. எதிரிக்கு நேர் எதிர்ல நின்னு காட்டின வீரத்துக்கு விக்டோரியா கிராஸ், எதிரி கண்ணெதிர்ல இல்லாத இடத்துல காட்டின அதே அளவு வீரத்துக்கு ஜார்ஜ் கிராஸ். நம்ம நாட்டுல இப்ப பரம்வீர் சக்ராவும் அசோக சக்ராவும் இருக்கற மாதிரி. வெள்ளியில சிலுவை, நீல நாடா. ஜார்ஜ் கிராஸ் நேரடியா பெற்ற முதல் இந்தியர் சுப்பிரமணியன்னு சொல்றாங்க. போர் வம்சம் இல்லைன்னு எந்தச் சீமையை ஒதுக்கினாங்களோ அந்தச் சீமைக்காரர். ராபர்ட்ஸ் 1914-லயே செத்துட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கல.

எதிரி கண்ணெதிர்ல இல்லைங்கறதை நினைச்சுப் பார்க்கறேன். சண்டைன்னா நமக்கு சினிமா காட்டறது ஓடி வர்றது, சுடறது. இவர் கடைசியா எதிர்ல பார்த்தது மண்ணுதான். அந்த மண்ணைப் புதைச்சவன் எப்பவோ போயிட்டான்.

கலைச்ச மெட்ராஸ் ரெஜிமென்ட்டை 1941-ல மறுபடி எழுப்ப வேண்டி வந்தது. உலகம் பூரா சண்டை, ஆள் வேணும், அப்ப வம்சம் எல்லாம் பார்க்க முடியல. பெரியப்பா சேர்ந்தது அந்த ரெஜிமென்ட்லதான். "நம்மளைக் கலைச்சவனும் அவன்தான், கூப்பிட்டவனும் அவன்தான்"னு சொல்லிச் சிரிச்சார்.

எனக்கு இன்னொரு சங்கடமும் இருக்கு, மறைக்காம சொல்லிடறேன். அவர் யாருக்காகச் செத்தார்? 1944-ல நம்ம தலைவருங்க பாதிப் பேர் ஜெயில்ல. வங்காளத்துல அதுக்கு முந்தின வருஷம் பஞ்சத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. நம்ம ஆளுங்களே இன்னொரு பக்கம் நேதாஜி படையில நின்னாங்க, மலேயாத் தோட்டத் தமிழர் எத்தனையோ பேர். அதனாலதான் சுதந்திரத்துக்கு அப்புறம் இவரை மாதிரி ஆளுங்களை எந்தக் கணக்குல எழுதறதுன்னு தெரியாம விட்டுட்டோம்னு நினைக்கறேன். பாடப் புத்தகத்துல நான் படிச்ச ஞாபகம் இல்லை. இதைப் பெரியப்பாகிட்ட கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ராஜாவுக்காக எவன்டா குதிப்பான்? பின்னாடி நிக்கறது நம்ம பசங்க"ன்னார்.

தங்கச்சி பையன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு மல்லாட்டை உரிச்சுத் தின்னுக்கிட்டே இருந்தான். கடைசில, "சாப்பர்ஸ்ல போட்டாங்கன்னா பெங்களூர்தானே தாத்தா ட்ரெய்னிங்? பக்கம்தான், ஞாயித்துக்கிழமை வந்து போகலாம்"னான். பெரியப்பா, "முதல்ல ஓடி முடி. விட்டாதானே வர்றதுக்கு"ன்னு கட்டில்ல சாய்ஞ்சிட்டார்.

நேத்து ராத்திரியும் ரெண்டு மணிக்குத்தான் கரண்ட் வந்தது. உளுந்துக்குத் தண்ணி விடணும். அவன் டார்ச்சை எடுத்தான். குடுடான்னு வாங்கி நான் முன்னாடி நடந்தேன். ஏன்னு அவன் கேட்கல.